எச்ஐவி பாடத்தை எழுதுபவர்களுக்கும் நடத்துபவர்களுக்கும்

அன்புள்ள பாடநூல் ஆசிரியர்களுக்கும், வகுப்பறையில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் எச்ஐவி சிகிச்சை மையம் ஒன்றில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். பரிசோதனைக்கு வருபவர்கள், முடிவு தெரிந்து பேச்சற்று உட்கார்ந்திருப்பவர்கள், பல வருடங்களாக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருப்பவர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பத்தார் என்று எல்லோரிடமும் பேசுவதுதான் என் வேலை. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் எச்ஐவி பாடத்தைப் படித்தவர்கள். எப்படியெல்லாம் பரவும் என்று கேட்டால் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். தொட்டால் பரவாது, கொசுவால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்பதும் தெரியும். அதையெல்லாம் சொல்லி முடித்த கையோடு, "இருந்தாலும் அவர் குடிச்ச டம்ளரைத் தனியா வெச்சிடறது நல்லதுதானே?" என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. பரவாது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம், ஏன் பரவாது என்று சொல்லவில்லை. மனப்பாடம் செய்த பட்டியல், சொந்த வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்த அன்றைக்குக் கைகொடுப்பதில்லை. "எச்ஐவி வைரஸ் வெள்ளை அணுக்களைத் தாக்கி உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது" என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டு, பாடம் நேராக அந்தப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு வரியை நாலைந்து பக்கங்களாக விரித்து எழுதுங்கள், அதை நிதானமாக நடத்துங்கள் என்று கேட்பதற்குத்தான் இந்த மடல். என்ன எழுத வேண்டும் என்பதையும் என்னால் முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

முதலில் "வெள்ளை அணுக்கள்" என்று மொத்தமாகச் சொல்வதை விட்டுவிடலாம். பாக்டீரியாவை விழுங்கும் நியூட்ரோஃபில்களும் வெள்ளை அணுக்களே, கிருமியைப் பற்றி முடக்கும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரிக்கும் பி செல்களும் வெள்ளை அணுக்களே. எச்ஐவி இவற்றைத் தேடிப் போவதில்லை. அது முக்கியமாகக் குறிவைப்பது, மேற்பரப்பில் சிடி4 என்ற புரதத்தைக் கொண்ட உதவி டி செல்களை. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற வேறு சில செல்களிலும் சிடி4 உண்டு என்பதால் அவற்றுக்குள்ளும் நுழையும். ஆனால் உடம்பைக் கவிழ்ப்பது உதவி டி செல்களின் இழப்புதான்.

ஏன் இந்த ஒரு வகைச் செல் போனால் எல்லாமே சரிகிறது? உதவி டி செல்லின் முதன்மையான வேலை கிருமியைக் கொல்வது கிடையாது. வேறொரு செல் கிருமியின் ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டும். அது உடம்புக்குச் சொந்தமானதா, அந்நியமானதா என்று இது அடையாளம் காணும். அந்நியமென்றால் தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் பெருகி, வேதிச் செய்திகளை அனுப்பும். அந்தச் செய்தி வந்த பிறகுதான் பி செல் தரமான ஆன்டிபாடியைச் செய்யும், கொலையாளி டி செல் முழு வேகத்தில் பெருகி நீண்ட நாள் நினைவு வைத்திருக்கும், மேக்ரோஃபேஜ் தான் விழுங்கிய காசநோய்க் கிருமியை உள்ளேயே அடக்கி வைக்கும். கட்டட வேலையில் மேஸ்திரி வராத நாளை நினைத்துப் பாருங்கள். கொத்தனார் இருப்பார், சித்தாள் இருப்பார், மணலும் சிமென்ட்டும் இருக்கும், வேலை மட்டும் நகராது. மேஸ்திரிகளை ஒவ்வொருவராக இழந்த உடம்பின் நிலைமையும் அதுதான்.

அடுத்து, வைரஸ் உள்ளே நுழையும் விதம். இதைத்தான் நீங்கள் மிக நிதானமாக நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. அதன் வெளியுறை ஒரு கொழுப்புச் சவ்வு. முன்பு தான் பிறந்து வந்த மனிதச் செல்லிலிருந்து எடுத்துப் போர்த்திக்கொண்ட சவ்வு அது. அதிலிருந்து சில முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளூ வைரஸில் இப்படிப்பட்ட முட்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எச்ஐவியில் ஏறத்தாழ ஒரு டஜன்தான். ஒவ்வொரு முள்ளிலும் வெளிப்பக்கம் ஜிபி120 என்ற புரதம், அதற்கு அடியில் ஜிபி41 என்ற புரதம்.

ஜிபி120 போய் உதவி டி செல்லின் சிடி4 மீது ஒட்டுகிறது. ஒட்டினால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. ஒட்டியதும் ஜிபி120 வடிவம் மாறி, அதுவரை மறைத்து வைத்திருந்த ஒரு பகுதியைத் திறக்கிறது. அந்தப் பகுதி, செல்லின் மேலேயே இருக்கும் சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். சில வைரஸ்கள் அதற்குப் பதிலாக சிஎக்ஸ்சிஆர்4 என்பதைப் பற்றும். இரண்டு பிடிமானமும் கிடைத்த பிறகுதான் அடியில் இருக்கும் ஜிபி41 நீண்டு செல்லின் சவ்வில் குத்தி, பின்பு தானாக மடங்கி, வைரஸ் உறையையும் செல் சவ்வையும் ஒன்றோடொன்று இழுத்து இணைக்கிறது. உள்ளே இருக்கும் கூம்பு வடிவப் பெட்டகம் செல்லுக்குள் விழுகிறது.

சிடி4தான் முதல் பிடிமானம் என்பது 1984-இல் தெரிந்துவிட்டது. அது மட்டும் போதாது என்று சந்தேகம் இருந்தாலும், இரண்டாவது பிடிமானம் எது என்று கண்டுபிடிக்க 1996 வரை ஆனது. அதே ஆண்டு இன்னொன்றும் தெரியவந்தது: சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட நிலையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, பலமுறை வைரஸை எதிர்கொண்டும் தொற்று ஏறுவது மிக மிக அரிது. டிமோதி ரே பிரவுன் என்பவர் இரத்தப் புற்றுநோய்க்காக 2007-இல் பெர்லினில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றபோது, மருத்துவர்கள் அப்படிப்பட்ட ஒருவரின் தண்டுச் செல்களைத் தேடி எடுத்துச் செலுத்தினார்கள். எச்ஐவியிலிருந்து முழுமையாக விடுபட்ட முதல் மனிதர் அவர்தான். 2020-இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பி வந்ததால். வைரஸ் கடைசிவரை திரும்பவில்லை. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை என்பதால் அதை எல்லோருக்கும் செய்ய முடியாது. ஆனால் ஒரு மேற்பரப்புப் புரதம் இல்லாவிட்டால் இந்த வைரஸால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான நிகழ்வு வேறு இல்லை.

சரி, இப்போது அந்த டம்ளருக்கு வருவோம். தோலின் வெளி அடுக்கு முழுவதும் இறந்த செல்கள். அதில் சிடி4 கிடையாது, வைரஸ் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. உடம்புக்கு வெளியே, உலர்ந்த பரப்பில், அந்தக் கொழுப்புச் சவ்வும் சொற்ப முட்களும் சிதைந்து வைரஸ் தொற்றும் திறனை இழந்துவிடும். எச்சிலில் வைரஸ் மிகக் குறைவு. அதைத் தடுக்கும் புரதங்களும் எச்சிலிலேயே இருக்கின்றன. கொசுவின் வயிற்றிலும் சிடி4 உள்ள செல் இல்லை, போன வைரஸ் செரித்துப் போகும். தவிர, கொசு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத்தான் செலுத்துமே தவிர முன்பு குடித்த இரத்தத்தைச் செலுத்தாது. பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகியவற்றின் ஈரச் சவ்வுக்கு அடியில் நிலைமை வேறு. அங்கே சிடி4 செல்களும், வைரஸைச் சுமந்து நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகும் டென்ட்ரிடிக் செல்களும் காத்திருக்கின்றன. ஊசி என்றால் நேராக இரத்தத்துக்கே போய்விடுகிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டால், பரவும் வழி எது, பரவாத வழி எது என்று மாணவர்களே பிரித்துச் சொல்வார்கள். பட்டியலே தேவைப்படாது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒன்றும் கிடைக்கிறது. நுழைந்த இடத்திலிருந்து வைரஸ் உடம்பெங்கும் வேரூன்றச் சில நாட்கள் ஆகும். அதனால்தான் தவறுதலாகத் தன் கையில் ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும், ஆணுறை கிழிந்துபோனவருக்கும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் கொடுக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இப்படி ஒரு மருந்து உண்டு என்பதே தெரியாமல் நான்காம் நாளோ பத்தாம் நாளோ வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது, இந்த ஒரு வாக்கியம் அவர்கள் படித்த பாடத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

உள்ளே விழுந்த பெட்டகத்தில் வைரஸின் மரபுச் செய்தி ஆர்என்ஏ வடிவத்தில் இருக்கிறது. மொத்தமே சுமார் 9,700 எழுத்துகள், 9 மரபணுக்கள். நம்முடைய மரபுத்தொகுதி 300 கோடி எழுத்துகள். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுத ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை வைரஸ் கையோடு கொண்டுவருகிறது. இப்படித் தலைகீழாக எழுதும் நொதி ஒன்று உண்டு என்று 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டபோது எச்ஐவியைப் பற்றி யாருக்கும் தெரியாது. விலங்குகளின் புற்றுநோய் வைரஸ்களில்தான் அதைக் கண்டார்கள். எய்ட்ஸ் வெளிப்பட்ட பிறகு, 1983-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லூக் மோன்டாக்னியரும் ஒரு நோயாளியின் நிணநீர் முடிச்சிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அங்கே ஒரு ரெட்ரோவைரஸ், அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதும் வகை வைரஸ், இருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது இந்த நொதியின் செயல்பாடுதான்.

மாற்றி எழுதப்பட்ட டிஎன்ஏவை இன்டக்ரேஸ் என்ற இன்னொரு நொதி நம் குரோமோசோமை வெட்டி உள்ளே தைத்துவிடுகிறது. இந்த இடத்தை வகுப்பில் அவசரமாகக் கடக்காதீர்கள். இதற்குப் பிறகு அந்தச் செல்லைப் பொறுத்தவரை வைரஸின் மரபணுவும் அதன் சொந்த மரபணு போலத்தான். செல் பிரிந்தால் அதுவும் பிரியும். செல் சுறுசுறுப்பானால் அதுவும் விழித்துப் புதிய வைரஸ்களைச் செய்யும். நீளமாகத் தயாராகும் புரதங்களைப் புரோட்டியேஸ் என்ற மூன்றாவது நொதி அளவாக வெட்டித் தர, புதிய வைரஸ் செல் சவ்வைப் போர்த்திக்கொண்டு வெளியேறும். நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் திறன் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்குக் கிடையாது. பிழைகள் குவியக் குவிய முட்களின் வடிவம் மாறும்; போன மாதம் உடம்பு தயாரித்த ஆன்டிபாடிக்கு இந்த மாத வைரஸ் அடையாளம் தெரியாது. இத்தனை ஆண்டுகள் உழைத்தும் தடுப்பூசி கைகூடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

"தொற்று ஏற்பட்ட பிறகு வைரஸ் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும், பிறகு விழித்துக்கொள்ளும்" என்ற கருத்து இன்னும் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து இதைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். சிகிச்சை இல்லாதவருக்கு அறிகுறியற்ற காலம் எட்டு, பத்து ஆண்டுகள்கூட நீளும் என்பது உண்மை. அந்த ஆண்டுகளில் வைரஸ் ஒரு நாள்கூட ஓய்வதில்லை. 1990-களின் நடுவில் டேவிட் ஹோ, ஆலன் பெரல்சன், ஜார்ஜ் ஷா ஆகியோரின் குழுக்கள், புதிதாக வந்த மருந்துகளைக் கொடுத்து இரத்தத்தில் வைரஸ் எந்த வேகத்தில் குறைகிறது என்று அளந்தன. அந்த வேகத்தை வைத்துக் கணக்கிட்டதில், நாள் ஒன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் பிறந்து அழிகின்றன என்று தெரிந்தது. வைரஸைத் தயாரிக்கத் தொடங்கிய செல் இரண்டு நாள் போல உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். வெளியே ஆள் ஆரோக்கியமாக நடமாடுவார். உள்ளே இழப்பும் ஈடுகட்டலும் இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கும். அறிகுறி வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று மருந்தைத் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். உடனே தொடங்குவதே நல்லது என்று 2015-இல் ஒரு பெரிய ஆய்வு ஐயமற நிறுவிய பிறகு, தொற்று உறுதியான எல்லோருக்கும் எந்த நிலையிலும் சிகிச்சை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இனி, சிடி4 செல்கள் எப்படிச் சாகின்றன என்ற கேள்வி. வைரஸ் உள்ளே பெருகிச் செல்லை வெடிக்கச் செய்கிறது என்று ஒரு படம் போட்டு முடித்துவிடுகிறோம். நிஜம் இதைவிடச் சிக்கலானது, என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்திலும் இதுதான் உயிரான பகுதி.

முதல் அடி குடலில் விழுகிறது. டி செல், பி செல் போன்ற நம் லிம்போசைட்டுகளில் இரத்தத்தில் சுற்றுவது சுமார் 2 சதவீதம்தான். பெரும்பகுதி நிணத் திசுக்களில், குறிப்பாகக் குடல் சுவரில் இருக்கிறது. அங்கே இருப்பவை பெரும்பாலும் சிசிஆர்5 நிறைந்த, முன்பு பார்த்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள், வைரஸுக்கு மிக வசதியானவை. தொற்று ஏறிய முதல் சில வாரங்களிலேயே அவற்றில் பெரும்பான்மை அழிந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் அந்த மனிதருக்கு லேசான காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வந்து போயிருக்கலாம், எதுவுமே வராமலும் இருந்திருக்கலாம். இரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை ஓரளவு மீளும். குடலில் அவ்வளவு சுலபமாக மீளாது. குடல் சுவரின் காவல் தளர்ந்ததும், அங்கே வாழும் பாக்டீரியாக்களின் துண்டுகள் இரத்தத்துக்குள் கசிகின்றன. எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்து எந்நேரமும் பரபரப்பில் இருக்கிறது. பரபரப்பான சிடி4 செல்லில்தான் வைரஸ் நன்றாகப் பெருகும். ஆக, உடம்பு போராடப் போராட வைரஸுக்குப் புதிய இடம் கிடைத்துக்கொண்டே போகிறது.

இன்னொன்று 2014-இல் வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் ஆய்வகத்தில் வார்னர் கிரீனின் குழு, டான்சில் போன்ற நிணத் திசுக்களில் செத்துக்கொண்டிருந்த சிடி4 செல்களை ஆராய்ந்தது. அவற்றில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வைரஸைத் தயாரிக்கும் செல்களே அல்ல. ஓய்வு நிலையில் இருந்தவை. வைரஸ் அவற்றுக்குள் நுழைந்து டிஎன்ஏ எழுதத் தொடங்கி, பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. அந்த அரைகுறை டிஎன்ஏவைச் செல்லின் உள் உணரிகள் கண்டுகொள்கின்றன. ஆபத்து என்று முடிவு செய்து செல் தன்னைத் தானே வெடிக்கச் செய்கிறது. வெடிக்கும்போது அழற்சியைத் தூண்டும் பொருட்கள் வெளியே கொட்டி, அதைக் கேட்டு இன்னும் பல சிடி4 செல்கள் அந்த இடத்துக்கு ஓடி வருகின்றன. வந்தவற்றுக்கும் அதே கதி. கிருமி பரவாமல் இருக்கத் தன்னைப் பலி கொடுக்கும் ஏற்பாடு இங்கே உடம்புக்கே எதிராகத் திரும்பிவிடுகிறது.

வைரஸின் அளவு மட்டும்தான் நோயைத் தீர்மானிக்கிறது என்றால், மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்குகள் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். எச்ஐவியின் உறவுக்கார வைரஸ் அவற்றின் இரத்தத்தில் ஏராளமாகப் பெருகுகிறது, ஆனால் எய்ட்ஸ் வருவது மிக அரிது. தொற்றின் தொடக்க வாரங்களுக்குப் பிறகு அவற்றின் எதிர்ப்பு மண்டலம் அடங்கிவிடுகிறது, குடல் சுவரும் பழுதாவதில்லை. மனிதரில் அடங்குவதில்லை. ஓயாத அழற்சி நிணநீர் முடிச்சுகளைத் தழும்பாக்கி, புதிய டி செல்கள் தங்கி வளரும் இடத்தையே கெடுத்துவிடுகிறது. இந்தக் குரங்குகளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால், ஆர்வமுள்ள மாணவர் ஒருவராவது இரவு முழுக்க யோசிப்பார்.

சிடி4 எண்ணிக்கை குறையக் குறைய என்ன ஆகும் என்பதையும் எண்ணோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருப்பது இயல்பு. காசநோய் எந்த எண்ணிக்கையிலும் வரும், எச்ஐவி உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் அதுதான். 200-க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். 100-க்குக் கீழே மூளையில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, மூளையுறையில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை. 50-க்குக் கீழே கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும் சைட்டோமெகலோ வைரஸ். இவற்றில் பல நம்மில் பெரும்பாலோர் உடம்பில் ஏற்கெனவே அமைதியாகத் தங்கியிருப்பவை அல்லது தினமும் சுவாசத்தில் வந்து போகிறவை. எய்ட்ஸ் என்பதையே உலகம் இப்படித்தான் முதலில் கண்டுகொண்டது: 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு, வரவே கூடாத நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்திருக்கிறது என்ற சிறு அறிக்கை.

மருந்துகளுக்கு வருகிறேன். மேலே சொன்ன படிகளை மாணவர் புரிந்துகொண்டிருந்தால் இந்தப் பகுதியைத் தனியாகச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை மறிக்கும் மருந்து, இன்டக்ரேஸை மறிக்கும் மருந்து, புரோட்டியேஸை மறிக்கும் மருந்து, சிசிஆர்5-ஐ மூடும் மருந்து, 2022-இல் அனுமதி பெற்ற லெனகாபவிர் போல அந்தக் கூம்புப் பெட்டகத்தையே குலைக்கும் மருந்து. 1987-இல் முதல் மருந்து வந்தபோது அது தனியாகக் கொடுக்கப்பட்டது. பிழை செய்து பிழைக்கும் வைரஸ் சில மாதங்களில் அதைத் தாண்டிவிட்டது. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நிலைமை மாறியது. மூன்றையும் ஒரே நேரத்தில் தாண்டும் அளவுக்கு ஒரே வைரஸில் பிழைகள் சேர்வது ஏறக்குறைய முடியாத காரியம்.

என்னிடம் ஒரு இளைஞர் வந்தார். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுவந்தவர், திடீரென்று நிறுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்து, "வைரஸே இல்லைன்னு வந்துருச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். நியாயமான கேள்வி. அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் இரட்டைச் சுருள் போட்டு, நடுவில் ஒரு துண்டை மட்டும் சிவப்பு மையில் தீட்டினேன். மருந்து புதிய செல்லுக்குள் வைரஸ் போவதைத் தடுக்கும். ஏற்கெனவே தைக்கப்பட்ட சிவப்புத் துண்டை எடுக்காது. அப்படிப்பட்ட சில செல்கள் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. அவை வைரஸைச் செய்வதும் இல்லை, சாவதும் இல்லை. ஓய்விலிருக்கும் சிடி4 செல்களில் ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்றுதான் இப்படி, ஆனால் இந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே 44 மாதங்கள் ஆகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்ப வந்துவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன என்று 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்து பார்த்த ஆய்வில், நிறுத்தியவர்களுக்கு நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடியதால் 2006-இல் அந்த ஆய்வையே பாதியில் முடித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதை யாரும் எனக்கு முன்னாடியே சொல்லலையே." அவர் பட்டப் படிப்பு முடித்தவர்.

பாடத்தில் விடுபட்டுப் போவதில் எனக்கு மிக வலிப்பது இன்னொன்று. மருந்தைத் தொடர்ந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. குறையும் என்று சொல்லவில்லை, பரவாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளை ஐரோப்பாவில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016-இலும் 2019-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். முதலாவதில் ஏறத்தாழ 58,000 முறை, இரண்டாவதில் ஏறத்தாழ 76,000 முறை ஆணுறையில்லாத உறவு. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து தொற்றியது இரண்டிலும் ஒருவருக்குக்கூட இல்லை. வெளியேற வைரஸே இல்லாதபோது பற்றிக்கொள்ள எது இருக்கிறது? தாய்க்கும் இப்படித்தான். ஒன்றும் செய்யாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். முறையான சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்குக் கீழே, கர்ப்பத்துக்கு முன்பே மருந்தைத் தொடங்கி வைரஸ் அடங்கியிருந்தால் இன்னும் வெகு கீழே போய்விடுகிறது. இது தெரியாததால் திருமணமே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள், பெற்ற பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவே தயங்கும் தாய்மார்கள் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. நீங்கள் "எச்ஐவி ஒரு கொடிய உயிர்க்கொல்லி நோய், வந்தால் மரணம் நிச்சயம்" என்று வாசிக்கும் வகுப்பில், காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்த ஒரு பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கித் தொடர்பவர்கள் மற்றவர்களைப் போலவே ஏறக்குறைய முழு ஆயுளும் வாழ்கிறார்கள் என்பது மருத்துவ உண்மை. அந்தப் பிள்ளை இதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்க வேண்டும்.

ஆகவே பாடநூல் எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள்: எலும்புக்கூடு, மண்டை ஓடு, மெலிந்த நோயாளி போன்ற படங்களை எடுத்துவிட்டு, சிடி4-உம் சிசிஆர்5-உம் வரைந்த ஒரு செல்லைப் போடுங்கள். அதில் வைரஸின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், அந்தப் படியை மறிக்கும் மருந்தின் வகையை எழுதுங்கள். கண்டறிய முடியாத அளவு என்றால் பரவாது என்பதைத் தனி வரியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி அச்சிடுங்கள். 72 மணி நேரத் தடுப்பு மருந்தையும் விட்டுவிடாதீர்கள். ஆசிரியர்களே, புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சாக்பீஸும் அரை மணி நேரமும் போதும்.

அப்புறம், தேர்வு. "எச்ஐவி பரவும் நான்கு வழிகளை எழுதுக" என்ற கேள்வியை இனிக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் உள்ளது. அவரிடமிருந்து துணைக்கு ஏன் தொற்று பரவாது? அப்படியிருந்தும் அவர் ஏன் மருந்தை நிறுத்தக் கூடாது?" ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.

நன்றியுடன்,
எச்ஐவி சிகிச்சை மைய ஆலோசகர் ஒருவர்